மெட்ராஸ் பார்த்த இன்னொரு சாம்பியன்

களம் கண்ட கைகள் – 19

1980-ன் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரைச் சந்தித்தார். நேரு ஸ்டேடியத்தில் ரிங் போட்டு காட்சிப் போட்டி ஆடினார். குத்துச்சண்டை பிடித்த தமிழர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதை. அன்றைக்கு அலிக்கு எதிரே கையுறை மாட்டி நின்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் முழிப்பார்கள்.

கோவை காந்திபுரத்தில் 100 அடி ரோட்டை ஒட்டிய ஒரு வீதியின் டீக்கடையில் சாயங்காலம் கூடும் ஒரு கூட்டம் உண்டு. ஒருகாலத்தில் ரிங்கில் ஏறியவர்கள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் பழைய சண்டைகளை யூடியூபில் பார்த்துத் தேறியவர்கள். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு கூட்டம் கொஞ்சம் பெருத்துவிட்டது. அங்கேதான் இந்தப் பேச்சு கிளம்பியது.

“எதிர்ல நின்னது ஜிம்மி எல்லிஸுங்க.”

“அலிகிட்ட பயிற்சியில அடி வாங்கறதுக்குன்னே கூட வந்த ஆளுதானுங்ணா?”

“அடி வாங்கற ஆளா? உலக சாம்பியன் கண்ணு அவரு.”

“அலியத் தடை பண்ணி வெச்சிருந்தப்ப கிடைச்ச பட்டமுங்க அது. அதெல்லாம் கணக்குல சேருங்களா?”

சேரும் என்பதுதான் என் கட்சி.

ஜிம்மி எல்லிஸ் அலியின் ஊர்க்காரர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம். 1940 பிப்ரவரி 24-ல் பிறந்தவர், அலியைவிட இரண்டு வயது மூத்தவர். தகப்பனார் பாதிரியார், வீட்டில் பத்துப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையானால் தேவாலயத்தில் பாட்டு. அந்த ஊர்த் தொலைக்காட்சியில் இளம் குத்துச்சண்டை வீரர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அதில் தன் நண்பன் ஒருவன், அப்போது கேஷியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலியிடம் தோற்றதைப் பார்த்த பிறகுதான் எல்லிஸுக்கு இந்த ஆசை வந்தது. அமெச்சூராக இருந்தபோது கிளேயும் எல்லிஸும் இரண்டு முறை மோதினார்கள். ஒன்றில் கிளே ஜெயித்தார், இன்னொன்றில் எல்லிஸ். அலியை ஜெயித்தவர்கள் பட்டியலைச் சொல்லும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

1961-ல் தொழில்முறைக்கு வந்த எல்லிஸ் அப்போது மிடில்வெயிட், அதாவது 160 பவுண்டுக்குள், சுமார் 72 கிலோ. அந்த எடையில் அவருக்குச் சோதனைதான் மிஞ்சியது. 1964-ல் வரிசையாக மூன்று தோல்வி: ரூபின் ‘ஹரிகேன்’ கார்ட்டர், டான் ஃபுல்மர், ஜார்ஜ் பென்டன். மூவருமே தேர்ந்த கைகள் என்பது வேறு விஷயம். உடம்பு வளர்ந்துகொண்டே போக, எடையை இறக்குவதற்கே பாதி பலம் செலவாகியிருக்க வேண்டும். அந்த நிலையில் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டிக்கு ஒரு கடிதம் எழுதினார், தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி. டண்டி சேர்த்துக்கொண்டார். அலிக்குப் பயிற்சித் துணை, அலி ஆடும் நாளில் அதே மேடையில் முன்சண்டை என்று காலம் போனது. சாப்பாடு சேர, எடை ஏற, குத்திலும் கனம் ஏறியது. 1967 மார்ச் 22-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலி ஸோரா ஃபோலியைச் சந்தித்த அன்று, முன்சண்டையில் ஜானி பெர்சோலை முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்தார் எல்லிஸ்.

அடுத்த மாதமே உலகம் புரண்டது. ஏப்ரல் 28-ல் அலி ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டம் பறிக்கப்பட்டது. காலியான இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டுப் பேரை வைத்து ஒரு போட்டி நடத்தியது. ஜோ ஃபிரேசியர் அதில் சேர மறுத்து, நியூயார்க் ஆணையத்தின் பட்டத்தைத் தனியாக வாங்கிக்கொண்டார். ‘அலியும் இல்லை, ஃபிரேசியரும் இல்லை, பிறகென்ன சாம்பியன்’ என்ற இளப்பம் அங்கிருந்துதான் பிறந்தது.

ஆனால் அந்த எட்டுப் பேரில் எல்லிஸ் யாரையெல்லாம் தாண்டினார் என்று பார்க்க வேண்டும். முதலில் லியோடிஸ் மார்ட்டின். ஹூஸ்டனில் ஒன்பதாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது. இதே மார்ட்டின்தான் 1969-ல் சோனி லிஸ்டனை நினைவிழக்கச் செய்தவர். அடுத்து, 1967 டிசம்பர் 2-ல் சொந்த ஊரில் அர்ஜென்டினாவின் ஆஸ்கர் போனவேனா. எல்லிஸின் திறமைக்கு ஒரே ஒரு சாட்சி போதும் என்றால் நான் இந்தச் சண்டையைத்தான் காட்டுவேன்.

போனவேனா குனிந்து, கோணி, எந்தத் திசையிலிருந்து கை வரும் என்றே தெரியாமல் வீசுகிற முரடர். 1966-ல் ஃபிரேசியரை ஒரே ரவுண்டில் இரண்டு முறை தரையில் தள்ளியவர். ஃபிரேசியர் அவருடன் இரண்டு சண்டைகளில் மொத்தம் 25 ரவுண்டு ஆடியும் ஒருமுறைகூட அவரை விழவைக்க முடியவில்லை. எல்லிஸ் 12 ரவுண்டில் இரண்டு முறை விழவைத்தார், மூன்றாவதில் ஒன்று, பத்தாவதில் ஒன்று. எல்லிஸின் பலமே வலது கை.

அந்த வலது கை எப்படிப்பட்டது? டீக்கடையில் எல்லிஸுக்காகப் பேசிய பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டினார். இடது கால் முன்னால், வலது கால் பின்னால், வலது குதிகால் தரையிலிருந்து சற்றே தூக்கலாக. குத்து தோளிலிருந்து கிளம்புவதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது பின்னங்கால் விரல்கள் தரையை உதைப்பதில் தொடங்குகிறது. அந்த உதை முழங்கால் வழியாக இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு தோளைத் திருப்புகிறது, கை கடைசியாகத்தான் புறப்படுகிறது. வழியெல்லாம் முஷ்டி தளர்வாக இருக்கும், படுகிற நொடியில் இறுகும். முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் கணுக்கள்தான் பட வேண்டும், மணிக்கட்டு ஒரு நூல்கூட மடங்கக் கூடாது. மடங்கினால் உடைவது எதிராளியின் தாடை அல்ல, நம் கை. பட்ட கையை அப்படியே முகத்துக்கு இழுத்துவிட வேண்டும், மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கி இழுப்பதுபோல.

இதுவரை சொன்னது எந்தப் பயிற்சிக்கூடத்திலும் சொல்லிக்கொடுப்பது. எல்லிஸ் அதற்குமேல் செய்தது இரண்டு. ஒன்று, அவர் முன்னறிவிப்பு கொடுக்கமாட்டார். கனமாகக் குத்துகிற பலர் குத்துவதற்கு முன் கையைப் பின்னுக்கு இழுப்பார்கள், தோளை இறக்குவார்கள், சிலர் மூச்சை இழுத்துப் பிடிப்பதே தெரியும். எல்லிஸின் வலது கை தாடையோரம் இருந்த இடத்திலிருந்து நேராகக் கிளம்பும். இரண்டு, நேரம். எதிராளி இடது கையை நீட்டுகிற கணத்தில் அவனுடைய தாடையின் அந்தப் பக்கம் திறந்துகிடக்கும், உடல் எடையும் முன்னோக்கி வந்துகொண்டிருக்கும். அந்த இடது கைக்கு மேலாகத் தன் வலது கையை அனுப்பினால் அடிபட்டவனின் எடையும் சேர்ந்து அவனையே தாக்கும். மிடில்வெயிட்டில் வேகமான ஆட்களோடு அடிபட்டு எல்லிஸ் கற்றது இந்த நேரத்தைத்தான். 90 கிலோகூட இல்லாத அவர் போனவேனாவைச் சாய்த்ததற்கு வேறு விளக்கம் கிடையாது.

பட்டத்தைச் சந்தேகித்த இளைஞர் விடவில்லை. “அப்புறம் ஏனுங்ணா குவாரி சண்டை அத்தனை தூக்கமா இருக்குது?”

நியாயமான கேள்வி. 1968 ஏப்ரல் 27, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இறுதிப் போட்டி, 15 ரவுண்டு. ஜெர்ரி குவாரியும் எதிராளி கைவைத்த பிறகு திருப்பி அடிக்கிற ரகம். இரண்டு பேரும் ‘நீ வா’ ‘நீ வா’ என்று காத்திருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவிதான். டண்டியின் திட்டமே அதுதான்: குவாரிக்கு இரை போடாதே, விலகி நின்று பாயின்ட் எடு. எல்லிஸ் எடுத்தார், பட்டமும் வாங்கினார். கூட்டத்தைக் குஷிப்படுத்தாமல் ஜெயித்தவனுக்குக் கைத்தட்டல் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஃபிளாய்ட் பாட்டர்சனை எதிர்த்து ஒரே ஒரு முறை பட்டத்தைக் காத்தார். ஆரம்பத்திலேயே மூக்கு உடைந்தும் 15 ரவுண்டு நின்றார். நடுவர் ஒருவரே பாயின்ட் போட்ட அந்தத் தீர்ப்பு இன்றும் சர்ச்சைதான். பாட்டர்சன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை எல்லிஸின் ரசிகனாகவே ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் 17 மாதம் ஒரு சண்டையும் இல்லை. 1970 பிப்ரவரி 16-ல் இரண்டு பட்டங்களும் ஒன்றாகும் நாளில் எதிரே நின்றவர் உச்சத்தில் இருந்த ஃபிரேசியர். நான்காவது ரவுண்டில் இடது ஹூக்கில் இரண்டு முறை விழுந்தார் எல்லிஸ். ஐந்தாவதுக்கு அவரை அனுப்ப டண்டி மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹூஸ்டனில் அலியுடன் மோதல். அன்று டண்டி நின்றது எல்லிஸின் மூலையில். 12-வது ரவுண்டில் நிலைகுலைந்து நின்ற நண்பனை மேலும் அடிக்காமல் அலி நிதானிக்க, நடுவர் சண்டையை நிறுத்தினார்.

1973-ல் எர்னி ஷேவர்ஸிடம் முதல் ரவுண்டிலேயே தோற்றதை எல்லிஸின் பலவீனத்துக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தச் சண்டையைப் பாருங்கள். முதலில் ஆட்டம் கண்டவர் ஷேவர்ஸ், கொடுத்தது அதே வலது கை. முடித்துவிடலாம் என்று உள்ளே போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

கண் பாதிப்பால் 1975-ல் ஓய்வு. 53 சண்டை, 40 வெற்றி, அதில் 24 நாக் அவுட், ஒரு டிரா.

ஓய்வுபெற்று ஐந்தாண்டு ஆன அந்த எல்லிஸ்தான் மெட்ராஸ் வந்தார். மேடையில் அன்று நின்றவர்கள் இரண்டு முன்னாள் உலக சாம்பியன்கள். அலியும் அப்போது ஓய்வை அறிவித்திருந்தார், ரிங்குக்குத் திரும்பி வந்து லாரி ஹோம்ஸிடம் அடிபட்டது அதே ஆண்டு அக்டோபரில். எம்.ஜி.ஆருக்கும் உடற்பயிற்சி உலகம் புதிதல்ல. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘ராஜகுமாரி’யில் (1947) அவரோடு மோதியவர், கோவை ராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர். மெட்ராஸில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள் இருந்தார்கள். காலடி தெரிந்த கூட்டம். ஆனால் கண்கள் எல்லாம் அலிமேல். குற்றம் சொல்லவும் முடியாது.

அதே பயணத்தில் ஜனவரி 27-ல் டெல்லியில் அலியுடன் நான்கு ரவுண்டு ஆடிய ராணுவ வீரர் கவுர் சிங்கை நாம் நினைவு வைத்திருக்கிறோம், 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியவர் என்பதால். எல்லிஸ் ஊர் திரும்பி, லூயிவில் நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்து, கடைசி ஆண்டுகளில் நினைவு மங்கி, 2014 மே 6-ல் இறந்தார். ஹெவிவெயிட் சாம்பியன்களை வரிசைப்படுத்தினால் அவர் முதல் பத்தில் வரமாட்டார். ஆனால் அந்த வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய காலத்தில் அவருக்கு மேல் நான் வைக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் அந்தப் போட்டியை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அலியைப் பற்றி அல்ல, எல்லிஸ் என்ன செய்தார் என்று. அடுத்த வாரம் கவுர் சிங்.