பள்ளித் தேர்வும் நுழைவுத் தேர்வும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இருந்துவிட்டால், தை பிறக்கும்பொழுது வழியோடு கவலையும் உடன்பிறந்து விடுகிறது. பள்ளியில் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பிப்ரவரி நடுவில் பொதுத் தேர்வு தொடங்க இருக்கிறது. அதற்கும் முன்னரே, பொறியியல் நுழைவுத் தேர்வின் முதற் பருவம் ஜனவரியில் வந்து நிற்கிறது. அடுப்பங்கரையில் பொங்கற் பானையோடு தாயும், நாட்காட்டியின் முன் தந்தையும், புத்தகத்தின் முன் பிள்ளையுமாக வீடு மூன்றாகப் பிரிந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரே மாணவர் ஒரே பருவத்தில் இரண்டு பெருந்தேர்வுகளுக்கு ஆயத்தமாக வேண்டிய நிலை நம் நாட்டில் எவ்வாறு வந்தது? இவ்விரண்டுக்கும் நாள் குறிப்பதில் யாருடைய நன்மை அடங்கியிருக்கிறது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

தொடக்கத்தில் தேர்வு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1857 ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. பள்ளிப் படிப்பை முடித்த மாணவரைச் சோதிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகமே ஏற்றது. அத்தேர்வைச் சென்னையில் மெட்ரிக்குலேஷன் என்றனர். கல்கத்தாவில் நுழைவுத் தேர்வு என்னும் பொருள்பட ‘எண்ட்ரன்ஸ்’ என்றே வழங்கினர். பள்ளியை விட்டு வெளியேறும் வாயிலும் கல்லூரிக்குள் புகும் வாயிலும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

கணித மேதை இராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிக்குலேஷன் தேர்வில் தேறினார். 1904 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் வேறொரு தேர்வு குறுக்கிடவில்லை. ஆயினும் அந்த ஒற்றைத் தேர்வு முறையை நாம் பொற்காலமாக எண்ணிவிடலாகாது. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி மேலே செல்ல இயலாது என்னும் விதியால், கணிதத்தில் ஈடற்ற அவரே அடுத்த கட்டமாகிய எப்.ஏ. தேர்வைக் கடக்க மாட்டாமல் நின்றதும் அம்முறையின் கீழ்தான்.

பின்னர் இவ்விரு வாயில்களும் மெல்ல மெல்லப் பிரியலாயின. 1917 ஆம் ஆண்டில் மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு 1919 இல் தன் அறிக்கையை அளித்தது. இண்டர்மீடியட் வகுப்புகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து, அவற்றின் தேர்வுகளை நடத்தத் தனி வாரியம் அமைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1921 இல் ஐக்கிய மாகாணத்தில் அத்தகைய வாரியம் ஒன்று தோன்றியது. விடுதலைக்குப் பின், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழுவின் வழியில் பத்தும் இரண்டும் மூன்றும் என்ற அமைப்பு நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின; முதற் பிளஸ் டூ தேர்வு 1980 இல் நடந்தது. முன்பு கல்லூரியில் புகுமுக வகுப்பில் பயின்ற மாணவர் இப்பொழுது பள்ளியிலேயே தங்கினார். சோதிப்பவர் வாரியத்தாராகவும், சேர்த்துக்கொள்பவர் கல்லூரியாராகவும் ஆயினர்.

வாரியங்கள் பலவானபொழுது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு மாநிலத்தின் எண்பது மதிப்பெண்ணும் மற்றொரு மாநிலத்தின் எண்பது மதிப்பெண்ணும் சமமாகுமா? நாடு முழுவதற்கும் பொதுவான கல்லூரிகள் இவ்வினாவுக்கு விடை காண வேண்டியிருந்தது. 1951 இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது, அப்பத்தாண்டின் இறுதிக்குள் பம்பாய், சென்னை, கான்பூர் ஆகிய இடங்களிலும் தோன்றின. 1960 களின் தொடக்கத்தில் இவற்றுக்கெனப் பொதுவான ஒரு நுழைவுத் தேர்வு ஏற்பட்டது.

மருத்துவக் கல்வியில் இம்மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. அவ்வரலாறு பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர்க்கு நெருங்கிய தொடர்புடையது. ‘எம் மாநிலத்தில் குடியிருப்பவருக்கே இடம்’ என்று மாநிலங்கள் வரையறுத்திருந்தமையை எதிர்த்துப் பிரதீப் ஜெயின் என்பவர் தொடுத்த வழக்கில், 1984 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைத்து இடங்களையும் குடியிருப்பு ஒன்றைக் கொண்டே ஒதுக்கிவிடலாகாது, ஒரு பகுதி நாட்டினர் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எம்.பி.பி.எஸ். படிப்பில் அப்பகுதி 1986 இல் நூற்றுக்குப் பதினைந்து என முடிவாயிற்று. அவ்விடங்களுக்கான அகில இந்தியத் தேர்வு 1988 முதல் நடைபெறலாயிற்று. மாற்றல் உத்தரவின்படி ஊர் ஊராகச் செல்லும் ஊழியரின் பிள்ளைக்கு அத்தேர்வு ஒரு புகலிடம் ஆயிற்று. பொதுத் தேர்வால் நமக்கு விளைந்த இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

தமிழ்நாடு வேறொரு படிப்பினையைப் பெற்றது. 1984 இல் அங்குத் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. நகரத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்புகள் கிட்டின. சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. பள்ளித் தேர்வு முடிந்த பின் எஞ்சிய சில வாரங்களே அவர்களுக்கு இருந்த பயிற்சி. இக்குறை பல்லாண்டு பேசப்பட்டு, மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2006 இல் சட்டம் இயற்றப்பட்டது. 2007 முதல் அத்தேர்வு ஒழிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று, பிரிந்த வாயில்களை அம்மாநிலம் மீண்டும் ஒன்றாக்கிற்று. மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்நிலை 2016 வரையிலும் நீடித்தது.

அந்த 2016 ஆம் ஆண்டை நாம் தனியே நினைவு கூர வேண்டும். நீட் என்னும் தேர்வு 2013 மே 5 ஆம் நாள் முதன்முறை நடந்து, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் அந்நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 28 ஆம் நாள், அவ்வாண்டே நீட் நடத்தப்பட வேண்டும் என ஆணையிட்டது. மே 1 ஆம் நாள் நடக்கவிருந்த அகில இந்தியத் தேர்வே நீட் தேர்வின் முதற் கட்டம் என்றும், விண்ணப்பிக்காதவர்க்கு ஜூலை 24 இல் இரண்டாம் கட்டம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆணைக்கும் முதற் கட்டத்துக்கும் இடையே இருந்தவை மூன்றே நாட்கள். தம் மாநிலத்து முறையை நம்பிப் படித்திருந்தவர் திகைத்தனர். மே 24 இல் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பிக்கப்பட்டு, அவ்வாண்டிற்கு மட்டும் மாநில அரசு இடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தேர்வு நல்லதா தீயதா என்னும் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பதினேழு வயதுப் பிள்ளை எந்நாளில் எதை எழுத வேண்டும் என்பதை ஒரு மாதத்துக்குள் இருமுறை மாற்றிச் சொன்னது எவ்வகையிலும் பொருந்துவதன்று.

பொறியியலுக்கு வந்த மாறுதல் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஒரு நாள் காய்ச்சலில் ஓராண்டு உழைப்பு வீணாகக் கூடாது என்று, 2019 முதல் ஜே.இ.இ. மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் என இருமுறை நடத்தப்பட்டது. இரண்டில் சிறந்ததே கணக்கில் கொள்ளப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஜனவரியில் பல பள்ளிகளில் பாடமே முடிந்திராது. முன்கூட்டியே முடித்துத் தருபவர் பயிற்சி நிலையத்தார். ஆகவே கட்டணம் செலுத்த இயன்றவருக்கு வாய்ப்பு இரண்டு; இயலாதவருக்கு நடைமுறையில் ஒன்றே.

இடைவெளி நீண்டாலும் துன்பமே என்பதைப் பெருந்தொற்று காட்டிற்று. 2020 மே 3 ஆம் நாள் நடக்கவிருந்த நீட், ஜூலைக்கும் பின்னர் செப்டம்பர் 13 க்கும் தள்ளிப்போயிற்று. 2021 ஜூன் 1 ஆம் நாள் மத்திய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே கைவிடப்பட்டது. 2022 இல் ஏப்ரலுக்குக் குறித்த ஜே.இ.இ. மெயின், வாரியத் தேர்வுகளோடு மோதியமையால் முதலில் நாள் மாறி, முடிவில் ஜூனுக்குச் சென்றது. முடிவு தெரியாத காத்திருப்பு, படித்ததையும் மறக்கச் செய்யும் என்பதைப் பெற்றோர் பலரும் அந்நாட்களில் உணர்ந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பள்ளித் தேர்வு முடிந்த நாளுக்கும் நுழைவுத் தேர்வு நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களே வசதியற்ற மாணவரின் ஆசிரியர். பணமுள்ளவர் அவ்வாரங்களை ஈராண்டுக்கு முன்பே விலைக்கு வாங்கிவிடுகிறார். ஏனையோருக்கு அவற்றைத் தர வல்லது தேர்வு நாளைக் குறிக்கும் அமைப்பு ஒன்றே. எனவே அந்நாள் பள்ளியாண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும், அறிவித்தபின் மாறலாகாது, மத்திய வாரியத்துக்கு மட்டுமன்றி மார்ச்சில் தேர்வு நடத்தும் மாநில வாரியங்களுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். தில்லியில் பயிலும் பிள்ளையும், திருநெல்வேலியில் பயிலும் அவன் அத்தை மகளும் ஒரே தாளை எழுதுகின்றனர். இருவருக்கும் படித்து முடிக்கப் போதிய நாட்கள் கிடைத்தனவா என்று கேட்டறிந்த பின்னரே நாள் குறிப்பது முறை.

பெற்றோராகிய நாம் செய்யக் கூடியதும் சிறிது உண்டு. எந்த மாநிலத்தில் பிள்ளைக்கு இட உரிமை உண்டு, எந்தத் தேர்வு அதற்கு வேண்டும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்பொழுதே தெளிந்துகொண்டால், வேண்டாத தேர்வுகள் இரண்டொன்றை விட்டுவிடலாம். விட்ட ஒவ்வொன்றும் பிள்ளைக்கு ஒரு வாரத்தை மீட்டுத் தரும். தைப்பொங்கலன்று அவன் ஒரு மணி நேரமாவது புத்தகத்தை மூடிவைத்து நம்மோடு அமர்ந்து உண்ண, அந்த ஒரு வாரம் போதும்.