மசில் கார் உதிரிபாக வேட்டையும் பேரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை விற்பனையான, நடுத்தர உடலும் பெரிய வி8 எஞ்சினும் கொண்ட வேகக் கார்கள் மசில் கார்கள் எனப்படும். அவற்றை ஆலையை விட்டு வெளிவந்த நாளின் நிலைக்கே மீட்க விரும்புவோர், உரிய அசல் பாகங்களைப் பழம்பொருள் சந்தைகளிலும் காயலான் கடைகளிலும் மூடிப்போன கார் விற்பனையகங்களின் கிடங்குகளிலும் தேடிப் பேரம் பேசி வாங்குவது அந்நாட்டில் தனியொரு வணிகமாகவே வளர்ந்துள்ளது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய உறுப்புகளோடு, தண்ணீர்க் குழாயை இறுக்கும் கிளிப், காற்று வடிகட்டியின் மூடி போன்ற சில்லறைச் சாமான்களும் இவ்வேட்டையில் அடங்கும்.

இவ்வகைக் கார்களில் முதலாவது 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ ஆகும். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்பது அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உள்விதி. அதை மீறாமல் மீறும் வழியாக, ஜான் டெலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த பான்டியாக் பிரிவு, 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான விருப்பத் தொகுப்பாக விற்றது; முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. மற்ற நிறுவனங்களும் இவ்வழியில் இறங்க, 1966இல் கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் சாலைக் கார்களுக்கு வந்தது. 1969இல் முழுதும் அலுமினியத்தாலான 427 எஞ்சினுடன் செவர்லே கமாரோ இஸட்எல்1 வெறும் 69 கார்களே செய்யப்பட்டன. பந்தய விதிக்குத் தேவையான எண்ணிக்கையை எட்டுவதற்காகவே, கூர்மூக்கும் பின்புறம் உயர்ந்த இறக்கையும் கொண்ட டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா அதே ஆண்டு ஏறத்தாழ 500 கார்கள் செய்யப்பட்டது. காப்பீட்டுக் கட்டண உயர்வும், 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து இக்கார்களின் காலத்தை முடித்துவைத்தன.

பாகங்கள் அரிதானதற்கு ஆலை குறைவாகச் செய்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. மீதிப் பாதியை அன்றைய உரிமையாளர்கள் செய்தார்கள். புதுக் காரை வாங்கியவர் முதல் வேலையாகக் கனத்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுப் பந்தயக் குழாய்களைப் பொருத்தினார்; புகையைக் குறைப்பதற்காக ஆலை வைத்திருந்த காற்று பம்பை வேகத்துக்குத் தடையென்று நம்பிக் குப்பையில் எறிந்தார்; காற்று வடிகட்டியின் மூடியை மாற்றி, பளபளக்கும் குரோமிய மூடியைப் போட்டார். இவ்வாறு ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு ஆயிரக்கணக்கில் வீசப்பட்ட அந்தப் புகைக் கட்டுப்பாட்டு பம்பு, இன்று முழுமை நாடும் மீட்பாளரை ஆண்டுக்கணக்கில் அலையவைக்கிறது. விற்பனையாளர்களும் தம் பங்குக்கு உதவினர்: 1970ஆம் ஆண்டின் பிளிமத் சூப்பர்பேர்டு கார்கள் விலைபோகாமல் தேங்கியபோது, சிலர் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு அவற்றைச் சாதாரண ரோட் ரன்னர்களாக விற்றதுண்டு.

வேட்டையின் மையம் எண்களைப் படிக்கும் கலையாகும். வார்ப்புப் பாகம் ஒவ்வொன்றிலும் அச்சிலேயே எழுந்து நிற்கும் வார்ப்பெண் ஒன்றும், வார்த்த நாளைக் காட்டும் தேதிக்குறி ஒன்றும் இருக்கும். வார்ப்பெண்ணும் கடையில் கேட்டு வாங்கும் பாக எண்ணும் ஒன்றல்ல என்பதால், பெட்டியின் மேலுள்ள எண் உள்ளிருக்கும் பொருளோடு ஒத்துப்போகவில்லையே என்று புதியவர்கள் வீணாக மிரள்வதுண்டு. தேதியை எழுதுவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும். 1969 பிப்ரவரி 14ஆம் நாளை எடுத்துக்கொண்டால், செவர்லே எஞ்சின் பிளாக்கில் அது ‘பி 14 9’ என்று இருக்கும். முதலெழுத்து மாதத்தையும் இறுதி இலக்கம் ஆண்டையும் குறிக்கும். ஃபோர்டில் அதே நாள் ‘9 பி 14’ என்று ஆண்டை முன்வைத்து வரும். ஃபோர்டின் மாத வரிசையில் ‘ஐ’ என்ற எழுத்து விடுபடுவதால் செப்டம்பர் முதல் கணக்கு ஓரெழுத்து தள்ளிப்போகும். இது தெரியாமல் ஏமாந்தவர் பலர். கிரைஸ்லர் ஒளிவுமறைவின்றி 2-14-69 என்றே எழுதியது. ராச்செஸ்டர் கார்புரேட்டரில் அந்நாள் 0459 ஆகும், அதாவது ஆண்டின் 45ஆம் நாள், 9இல் முடியும் ஆண்டு. ஹாலி கார்புரேட்டரிலோ ஆண்டு, மாதம், வாரம் என மூன்றே இலக்கங்களில் 922 ஆகிவிடும். ஒற்றை இலக்கம் 1959ஐயும் 1979ஐயும்கூடக் குறிக்கலாமாதலால், தேதிக்குறியை வார்ப்பெண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வார்ப்புக் குறிகளுக்கு மேல் அடித்துப் பதித்த குறிகளும் உண்டு. செவர்லே வி8 பிளாக்கின் வலது முன்பகுதியில், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னே நீண்டிருக்கும் சிறு தளத்தில் ‘வி0220டிஇஸட்’ என்று இருந்தால், ஃப்ளின்ட் ஆலையில் பிப்ரவரி 20 அன்று கோக்கப்பட்டதும், 1969ஆம் ஆண்டின் கமாரோ இஸட்/28 காருக்கெனவே செய்யப்பட்டதுமான 302 எஞ்சின் அது என்று பொருள். அருகே காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் பதிந்திருக்கும். அது காரோடு பொருந்தினால் எஞ்சின் அக்காருடன் பிறந்தது எனக் கொள்வர். இத்தளத்தை ஆலை செதுக்கியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகளைக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது வாங்குபவரின் முதல் சோதனை. கோடுகள் இல்லாமல் எழுத்துகள் மட்டும் கூர்மையாக இருந்தால், பழைய குறியைச் சீவிவிட்டுப் புதிதாகப் பதித்திருக்கக்கூடும். எனினும் எஞ்சினைப் பழுதுபார்க்கையில் மேற்பரப்பை நியாயமாகவே சீவியிருந்தாலும் கோடுகள் மறையும். மறுபதிப்பை மீட்பு வேலையின் ஒரு படியாகக் கருதுவோர் இருந்தாலும், அது போலி என்பதில் ஐயமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி நான்கு கியர் பெட்டிகளில் குறியைத் தேடாமலே ஓரளவு இனங்காணலாம்: முன்தண்டில் இரு வளையக் கோடுகள் இருந்தால் எம்20, ஒன்றிருந்தால் எம்21, கோடே இல்லையென்றால் எல்லோரும் தேடும் எம்22. ஓடும்போது அரைக்கும் ஓசை எழுப்புவதால் எம்22க்குக் ‘கல்லுடைப்பான்’ என்று பொருள்படும் பட்டப்பெயர் உண்டு.

சந்தைகளில் மூத்தது பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் ஒவ்வோர் அக்டோபரிலும் கூடுவதாகும். 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார்க் கழகம் அதை 1950களிலிருந்து நடத்தி வருகிறது. மழை பெய்தால் முழங்கால் சேற்றில் நின்று பேரம் பேச வேண்டியிருந்த திடல்கள், பின்னாளில் தார்த்தளம் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்களுக்கு அங்கே உரிய இடமில்லாததால், சிப் மில்லர், பில் மில்லர் என்ற இருவர் (பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர்) 1974இல் அதே மாநிலத்துக் கார்லைல் கண்காட்சித் திடலில் தனிச்சந்தை தொடங்கினர். மசில் கார் பாகங்களுக்கு அது விரைவில் தலைமையிடமாயிற்று. சந்தைக்குப் போக இயலாதவர்க்கு 1954இல் தொடங்கிய ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ் இதழின் வரி விளம்பரங்கள் துணைநின்றன.

பேரம் வாயில் திறக்கும் முன்பே தொடங்கிவிடும். கடைவிரிக்கும் நாளில் வியாபாரிகள் ஒருவர் சரக்கை ஒருவர் வாங்கிக்கொள்வதால், நல்ல பொருள்களில் பல பொதுமக்கள் கண்ணில் படுவதற்கு முன்பே கைமாறி, அடுத்த மேசையில் கூடுதல் விலையோடு உட்கார்ந்திருக்கும். என்.ஓ.எஸ். எனப்படும் சரக்குக்கு, அதாவது அக்காலத்திலேயே ஆலை செய்து இதுவரை பொருத்தப்படாமல் பெட்டியிலேயே கிடக்கும் பாகத்துக்கு, விலை மிக உயரும். பழைய பெட்டியில் புது நகலை வைத்து விற்கும் மோசடி இருப்பதால், பெட்டியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் அனுபவசாலிகள் விலையே கேட்பதில்லை. வாங்குபவர் துருவையும், அறுந்த மரையையும், ஒட்டவைத்த விரிசலையும் சுட்டி விலையை இறக்குவார். விற்பவரோ, “உங்கள் வண்டி எந்த மாதத்தில் செய்தது?” என்று இயல்பாகக் கேட்பார். இக்கேள்விக்கு உள்ளபடி விடைசொல்வது பெரும்பிழை. மார்ச் நடுவில் செய்த காருக்கு ஜனவரி அல்லது பிப்ரவரித் தேதியிட்ட டிஸ்ட்ரிபியூட்டர்தான் பொருந்தும். காரைவிடப் பிந்திய தேதி உடையது அக்காருக்கு அசலாக இருக்க முடியாது. ஆகவே பிறர்க்குச் சாதாரணமான ஒரு பாகம், தேதி பொருந்தும் ஒருவருக்கு மட்டும் விலைமதிப்பற்றதாகிறது. அந்த ஒருவர் தாமே என்று காட்டிக்கொண்டபின் விலை இறங்காது. இதனால் தேர்ந்தவர்கள் வேண்டாத இரண்டு மூன்று பொருள்களை முதலில் விலைகேட்டு, வேண்டியதை அவற்றோடு சேர்த்து மொத்தமாக விலைபேசி முடிப்பார்கள். கடைசி நாள் பிற்பகலில், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் பிளாக்கை மறுபடி வண்டியில் ஏற்ற விரும்பாத வியாபாரி, காலையில் தள்ளிவிட்ட விலைக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. கடன் கிடையாது, ரொக்கம்தான்.

2014இல் 1971ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா திறந்த கார் ஒன்று சியாட்டிலில் 35 லட்சம் டாலருக்கு ஏலம்போனது, சிறு பாகங்களின் விலையும் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஓர் அடையாளம். பான்டியாக், பிளிமத், ஓல்ட்ஸ்மொபைல் ஆகிய பெயர்களே வழக்கொழிந்தபின் அவற்றின் விற்பனையகக் கிடங்குகள் கரைந்துவருகின்றன. இக்காலத்தில் இணைய ஏலங்களும், உரிமம் பெற்றுச் செய்யப்படும் நகல் பாகங்களும் வணிகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துள்ளன.