பசளை எங்கே போகிறது? உக்குவளை முதல் கலாவெவ வரை

உக்குவளை என்றதும் பலருக்கும் மின்நிலையம்தான் ஞாபகம் வரும். 1976 இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்து தண்ணீரை இங்கே கொண்டுவந்தார்கள். மின்சாரம் தந்துவிட்டு அது சுது கங்கையில் விழுகிறது. அம்பன் கங்கையோடு போவத்தென்னைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கலாவெவக்கு. இதை அபிவிருத்தி வரலாறாகத்தான் நாம் படித்தோம். அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து எதைச் சுமந்து போகிறது என்பதும் வரலாறுதானே?

கதை கோப்பியில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் மாத்தளை மலைகளில் காடு வெட்டி கோப்பி நட்டார்கள். எங்கள் முன்னோர் மன்னார்ப் பக்கமிருந்து நடந்தே வந்தது அந்த வேலைக்குத்தான். காடு போனதும் சரிவின் மேல்மண் மழையோடு போனது. 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியும் அழிந்தது. மெலிந்த மண் மட்டும் மிஞ்சியது.

மெலிந்த மண்ணுக்குப் பசளை வேண்டும். 1962 இல் பசளை மானியம் வந்தது. நெல்லை மனதில் வைத்து வந்த திட்டம்தான். ஆனாலும் மூட்டைப் பசளை நாடெங்கும் பழகிப்போனது. தென்னை, கமுகு, சாதிக்காய் நிற்கிற சரிவுகளில் பிரச்சினை வேறு. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். அதை மண் பிடித்து வைக்காது, மழைத் தண்ணீரோடு போய்விடும். பொசுபரசு மண் துகளோடு ஒட்டிக்கொண்டு ஓடும். இரண்டும் குளத்தில் சேர்ந்தால் பாசி பெருகும். பசளைக்குக் காசு கொடுத்தவர் மேட்டில். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் பள்ளத்தில். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட சிறுநீரக நோய்க்கு, மேலிருந்து வரும் பசளையும் காரணமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். இன்னும் வாதம் முடியவில்லை.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியையே நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை போனது. அதோடு ஓடுகிற பசளை பற்றிய பேச்சும் போய்விட்டது. அதுதான் எங்களுக்குக் கவலை.

இடையில் ஒரு வழி இருக்கிறது, புதுசும் இல்லை. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. அடைமழைக்கு முன் போடாமல் இருப்பது. தென்னையைச் சுற்றி, வேர் இருக்கிற வட்டத்துக்குள் போட்டு மண்ணோடு கலப்பது. பொச்சுமட்டையைக் குழியில் புதைத்து ஈரத்தைப் பிடிப்பது. கிளிரிசீடியா இலையை வெட்டிப் போடுவது. சரிவை வெறும் மண்ணாக விடாமல் மூடுபயிர் வைப்பது. மானியமும் தடையும் மூட்டையைத்தான் எண்ணின. வேருக்கு எவ்வளவு போனது, ஆற்றுக்கு எவ்வளவு போனது என்று இனியாவது நாம் கேட்போம்.