தோட்டத்து மணியார்டர்

சிரம்பான், ரந்தாவ், போர்ட் டிக்சன், பகாவ் ஆகிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம்மவரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கப்பலையும் கங்காணியையும் மறவாது குறிக்கின்றனர். சம்பளம் போட்டபின் தபாலாபீசை நாடிச் சென்ற கூட்டத்தைக் குறிப்போர் சிலரே. அக்கூட்டத்தார் கையிலிருந்த மணியார்டர்ப் பாரமே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தியாவில் மணியார்டர் வேலை முன்னர் அரசாங்கக் கஜானாக்களிடம் இருந்தது. 1880-ல் அது தபால் இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னரே சிற்றூர்க் குடிசை வாயிலில் தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. செட்டியார்களின் உண்டியல் வணிகருக்கு உகந்தது. ஐந்து வெள்ளி அனுப்பும் பால்வெட்டுக்காரனுக்குத் தபாலாபீசே ஏற்றது.

அந்த ஐந்து வெள்ளிதான் எத்தகையது! 1920-களின் இறுதியில், போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தர ஊதியமாக இருந்தன. (ஒரே மரத்தை வெட்டியவளுக்கு ஏன் பத்துக் காசு குறைவு என்று கேட்டார் இலர்.) 1930-ல் ரப்பர் விலை வீழவே, அவை 40 ஆகவும் 32 ஆகவும் குறைக்கப்பட்டன. மாதம் 26 நாள் தவறாது பிரட்டுக்கு நின்றவனுக்கும் 10 வெள்ளி 40 காசே மிஞ்சிற்று. ஆகவே ஐந்து வெள்ளி என்பது பன்னிரண்டரை நாள் உழைப்பு. வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், ரூபாய் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற அக்கால மாற்றின்படி, அது ஊரில் சுமார் 7 ரூபாய் 12 அணா ஆயிற்று.

பாரத்தை நிரப்புதல் எளிதன்று. பெறுவோர் பெயரோடு கிராமம், தபாலாபீஸ், தாலுகா, ஜில்லா யாவும் பிழையின்றி அமைய வேண்டும். புத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உள! தாலுகா தவறினால் பன்னிரண்டரை நாள் உழைப்பும் ஊர் ஊராய் அலைய நேரும். எழுத்தறியாதவன் கிராணியாரையோ கடைக்காரரையோ அண்டினான். மனமுவந்து எழுதிக் கொடுத்த நல்லோர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எவன் எவ்வளவு சேர்த்தான், யாருக்கு அனுப்பினான் என்பதெல்லாம் பிறர் அறிந்த செய்தியாயின. அப்பால் ஊரிலோ, பெற்றுக்கொண்ட தாய்க்கும் கைநாட்டே. பணம் முழுதும் அவள் கை சேர்ந்ததா என்பதை மகன் அறிய மறுகடிதம் ஒன்றே வழி. அதனையும் வேறொருவரே எழுத வேண்டும், இங்கும் வேறொருவரே படிக்க வேண்டும்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பலவும் ஓராசிரியர் கொட்டகைகளே. எனினும் மகள் எழுதத் தந்தை கைநாட்டு வைத்த பாரங்கள் அவற்றின் பயனாகும்.

1942 ஜனவரியில் நெகிரி செம்பிலான் ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுகள் இந்தியாவுக்குப் பணம் செல்லும் வழி அடைபட்டது. சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதவர் பலர். அவர் வீட்டாருக்குப் பணம் வராமையே முதற்செய்தி.

இந்தியத் தபால் இலாகா பழைய மணியார்டரை 2015-ல் நிறுத்தி மின்வழி முறையை மட்டும் வைத்துக்கொண்டது. தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். அவர்களும் சம்பளம் வாங்கியபின் நகரத்துப் பணமனுப்பும் கடைகளில் வரிசையாய் நிற்கின்றனர். பாரத்தை நிரப்ப அவர்களுள்ளும் சிலர் பிறர் கையையே எதிர்பார்க்கின்றனர்.