பெரிய ஹாட்ரான் மோதுவியின் மின் இணைப்பு மேம்பாடு

பெரிய ஹாட்ரான் மோதுவி என்பது சுவிட்சர்லாந்து - பிரான்சு எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே நிலத்தடியில் அமைந்துள்ள துகள் முடுக்கி ஆகும். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு அமைப்பு (செர்ன்) இதனை இயக்குகிறது. 2008 ஆம் ஆண்டு இதன் காந்தங்களை இணைக்கும் மின் இணைப்புகளுள் ஒன்று பழுதடைந்து பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன.

அமைப்பு

ஏறத்தாழ 27 கி.மீ. சுற்றளவுள்ள இம்முடுக்கியில், நேர்மின்னிகளை (புரோட்டான்களை) வட்டப்பாதையில் வளைக்க 1232 இருமுனைக் காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் நீளமுடையது. நேர்மின்னியின் ஆற்றல் உயர உயர, அதனை வளைக்கத் தேவையான காந்தப்புலமும் உயர வேண்டும். வடிவமைப்பு ஆற்றலான 7 டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு 8.33 டெஸ்லா காந்தப்புலமும், ஏறத்தாழ 12,000 ஆம்பியர் மின்னோட்டமும் தேவை.

இதற்கென நியோபியம்-டைட்டானியக் கம்பிகள் நீர்ம ஹீலியத்தால் 1.9 கெல்வின் வரை குளிர்விக்கப்படுகின்றன. அந்நிலையில் அவை மின்தடை அற்ற மீக்கடத்திகள் ஆகின்றன. அடுத்தடுத்த காந்தங்களின் கம்பி முனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு, வெள்ளீயம்-வெள்ளிக் கலவையால் பற்றவைக்கப்படுகின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள செம்பு ஒரு மாற்று வழியாகும். கம்பி மீக்கடத்தும் தன்மையை இழந்தால், மின்னோட்டம் தணியும் வரை செம்பே அதனைத் தாங்க வேண்டும்.

2008 நிகழ்வு

2008 செப்டம்பர் 10 அன்று முதல் துகள் கற்றை சுற்றிவந்தது. ஒன்பது நாட்களுக்குப் பின், துகள் கற்றை இன்றி ஒரு பகுதியின் மின்னோட்டத்தை உயர்த்திச் சோதித்தபோது, சுமார் 8,700 ஆம்பியரில் ஓர் இணைப்பு பழுதடைந்தது.

நல்ல இணைப்பின் மின்தடை ஒரு நானோ ஓமுக்கும் குறைவு. பழுதான இணைப்பில் அது சுமார் 200 நானோ ஓம் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அம்மின்னோட்டத்தில் இது ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தைத் தரும். சாதாரண வெப்பநிலையில் இது சிறிய அளவே, ஆனால் 1.9 கெல்வினில் மீக்கடத்தும் தன்மையை அழிக்கப் போதுமானது. இணைப்பு உருகி மின்வில் தோன்றி, ஹீலியக் கலத்தைத் துளைத்தது. வெளியேறிய ஹீலியத்தின் அழுத்தத்தைத் தணிக்க அங்கிருந்த வால்வுகள் போதவில்லை. காந்தங்கள் சில இடம்பெயர்ந்தன. சுமார் 6 டன் ஹீலியம் இழக்கப்பட்டது. சோதனையின்போது சுரங்கத்தில் ஆட்கள் இல்லாததால் எவருக்கும் காயம் ஏற்படவில்லை.

மேம்பாடுகள்

53 காந்தத் தொகுதிகள் வெளியே எடுக்கப்பட்டு, சீரமைக்கப்பட்டவையோ மாற்றுத் தொகுதிகளோ பொருத்தப்பட்டன. இணைப்புகளில் எழும் மிகச்சிறு மின்னழுத்தத்தையும் உணரும் கருவிகளும் கூடுதல் வால்வுகளும் அமைக்கப்பட்டன. 2009 நவம்பரில் முடுக்கி மீண்டும் இயங்கியது.

எனினும், வேறு சில இணைப்புகளில் செம்பு தொடர்ச்சியின்றி இருப்பது அளவீடுகளில் தெரியவந்தது. அவை மாற்று வழியாகப் பயன்படா. எனவே ஆற்றல் 2010, 2011 ஆண்டுகளில் 3.5 ஆகவும், 2012 இல் 4 டெரா எலக்ட்ரான்வோல்ட்டாகவும் மட்டுப்படுத்தப்பட்டது. 2012 ஜூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பு இக்குறைந்த ஆற்றலிலேயே நிகழ்ந்தது.

2013 இல் தொடங்கிய முதல் நீண்ட நிறுத்தத்தில் எல்லா முதன்மை இணைப்புகளும் திறந்து சோதிக்கப்பட்டன. குறையுள்ளவை மீண்டும் பற்றவைக்கப்பட்டன. ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் கூடுதல் செம்புத் தகடுகள் பொருத்தப்பட்டன. இதனால் உட்புறப் பற்றவைப்பில் இடைவெளி இருப்பினும் மின்னோட்டம் செல்ல வழி கிடைத்தது.

விளைவு

2015 இல் ஆற்றல் 6.5 ஆகவும், 2022 இல் 6.8 டெரா எலக்ட்ரான்வோல்ட்டாகவும் உயர்ந்தது. இவ்வளவு பெரிய இயந்திரத்தின் ஆற்றலைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தியது, கையளவே உள்ள செம்பு இணைப்பின் தரம் ஆகும்.