வேரூன்றிய கம்பி

கோல சிலாங்கூர் வட்டாரத்துப் பழைய தோட்டங்களின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுகிறவனுக்கு, மருந்தைப் பற்றிப் பேசுமுன் மண்ணைப் பற்றிப் பேச நேர்கிறது. பிராணனைக் காக்கும் பொருட்டு எதை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்னும் கேள்வி, இந்தச் சீமையில் மனித சரீரத்தைக் குறித்து எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே காட்டையும் சதுப்பையும் குறித்து எழுந்துவிட்டது.

1901இல் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்து சேர்ந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காத்லாந்துக்காரர், மலேரியாவினால் நிலைகுலைந்து கிடந்த அந்நகரிலும், அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், சதுப்பை வடியச்செய்து புதரை வெட்டி நோயை அடக்கிக் காட்டினார். கடலோரத் தாழ்நிலத்தில், நிழல் அடர்ந்த தேக்க நீரில் பெருகும் கொசுவுக்குக் காட்டழிப்பும் வாய்க்காலுமே யமனாக அமைந்தன. அந்த வெற்றியை நம்பி மேட்டுநிலத்தில் ஓடைக்கரை மரங்களை வீழ்த்தியபோதோ, வெயில் படும் தெளிந்த ஓட்டநீரை நாடுகிற வேறொரு ஜாதிக் கொசு அங்கே பல்கி, முன்னிருந்ததினும் கொடிய காய்ச்சலை லயங்களுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே கோடரி ஓரிடத்தில் ரக்ஷித்தது, மற்றோரிடத்தில் கொன்றது. பிறகுதான் ஓடைகளைக் குழாயிட்டு மண்ணுக்கடியில் செலுத்தவும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் கற்றார்கள். ஜெரம் பக்கத்துத் தாழ்நிலமும் உலு சிலாங்கூர் மேடும் அடுத்தடுத்துக் கிடக்கும் வட சிலாங்கூரில், இந்தப் பேதத்தை அறியாமல் வைத்தியம் செய்வது வீண் வேலை.

ஆனால், வெட்டுவதா விடுவதா என்று தீர்மானித்தவர் தோட்டத்துத் துரை. மலேரியா மருந்தான கொயினாவைக் குடிப்பதா கூடாதா என்று தீர்மானித்தவர் டிரஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனையை நட்ட நாளிலும், அதன் பின் வெகு காலமும், வரிசையில் நின்று கசப்பு மருந்தை விழுங்கிய பால்மரத் தொழிலாளியிடம் உன் அபிப்பிராயம் யாது என்று கேட்டவர் எவரும் இருந்ததாக நான் படித்ததில்லை. அத்தொழிலாளியின் பேரப்பிள்ளைகளை, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ, 1992இல் ஏற்பட்ட கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கு அனுப்பிவைக்கிற இக்காலத்தில், வைத்தியரே நோயாளியை நோக்கி, ‘என்ன செய்யலாம், சொல்லுங்கள்’ என்கிறார். கேட்டுப் பழகாத கேள்வி. ஆகையால் பதில் சொல்லத் திகைப்பதில் வியப்பில்லை.

அந்தத் திகைப்பு மிகுவது, நெஞ்சில் வைத்த ‘பேட்டரி’, அதாவது இருதயத் துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர், இனி வேண்டியதில்லை என்று தெரியவருகிற இடத்தில்தான். 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த அத்தகைய யந்திரத்தை ஓகே சென்னிங் முதன்முதலாகப் பொருத்தினார். அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ இருபதுக்கு மேற்பட்ட பேஸ்மேக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, தம்மைக் காத்த இருவரும் மறைந்த பின்னும் இருந்து, 2001இல் தமது 86ஆம் வயதில் காலமானார். அவருக்கு அது ஜீவநாடி. ஆனால் மாரடைப்பை ஒட்டியோ, நாடியைத் தணிக்கும் மாத்திரைகளினாலோ, வேறு தற்காலிகக் காரணத்தாலோ தளர்ந்த துடிப்புக்காகப் பொருத்தப்பட்டு, காரணம் நீங்கிய பின்பு வேலையற்றிருக்கும் கருவிகளும் உண்டு.

வேண்டாததை எடுத்துவிடுவதே முறை என்று தோன்றும். காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை எடுப்பது சிறு காரியமே. அதிலிருந்து ரத்தக் குழாய் வழியே இருதயத்துள் இறங்கும் கம்பியின் விஷயம் வேறு. ஓராண்டு செல்லுமுன் எளிதில் உருவிவிடக்கூடிய அது, பின்னர், சுவரில் இறங்கிய ஆலம்வேர் போலக் குழாயின் உட்புறத்தோடும் இருதயத் தசையோடும் தழும்பினால் பிணைந்துகொள்கிறது. முற்காலத்தில் அதன் நுனியில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் இழுத்தார்கள் என்று படிக்கும்போது உடல் கூசுகிறது. 1980களின் பிற்பகுதியில் கம்பிக்குள் செலுத்தி இறுக்கும் சாதனமும், அடுத்த பத்தாண்டில் தழும்பை அறுக்கும் லேசர் உறையும் வந்தன. அவற்றுக்குப் பின்பும், கம்பி உருவுதலைக் குறித்து 2017இல் பிரசுரமான ஐரோப்பியப் பதிவேட்டில் அடங்கிய 3,500க்கு மேற்பட்ட நோயாளிகளுள் 1.7 சதவிகிதத்தினர் ஆஸ்பத்திரியிலேயே பெரும் விபரீதத்துக்கு உள்ளானார்கள். இக்காரியம் குறைவாக நடக்கும் ஆஸ்பத்திரிகளில் மரணம் அதிகம்.

கிருமி தொற்றிவிட்டால் யோசனைக்கு இடமில்லை; முழுவதையும் எடுத்தே தீரவேண்டும். தொற்று இல்லாதவர்க்கு, கருவியின் வேகத்தை மிகக் குறைத்து வைத்து, இருதயம் தானே இயங்குகிறதா என்று மாதக்கணக்கில் கவனித்து, பேட்டரி தீர்ந்தபின் புதிதாக மாற்றாமல் விடுவதே பெரும்பாலும் விவேகம் என்பது என் துணிபு. இளவயதினர் கணக்கு வேறு: இன்னும் நாற்பது ஆண்டு அக்கம்பியைச் சுமக்கவேண்டியவர், பிற்காலத்து எம்.ஆர்.ஐ. சோதனைக்கு அது இடையூறாகலாம் என்பதையும், கம்பி பழையதாக ஆக உருவுவது கடினமாகும் என்பதையும் எண்ணி, கைதேர்ந்தவரிடம் இப்போதே எடுத்துக்கொள்ள விரும்பினால் அதைப் பேதைமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தகனம் செய்யும் வழக்கமுள்ள நமக்கு இதில் இன்னொரு கடமையும் உண்டு. 1976இல் இங்கிலாந்தின் சோலிஹல்லில், சடலத்தினுள் இருந்த பேஸ்மேக்கர் தகனச் சாலையில் வெடித்தது. அதுமுதல் எரியூட்டுமுன் கருவியை எடுத்துவிடுவது நியமமாயிற்று. அப்போதும் எடுக்கப்படுவது பெட்டி மாத்திரமே. வெடிக்கும் பேட்டரி அதில்தான் இருக்கிறது. ஆதலால், தேக வியோகம் வீட்டில் நேர்ந்தால், நெஞ்சில் கருவி உண்டென்பதை வைத்தியரிடமோ தகனச் சாலையாரிடமோ குடும்பத்தார் தாமே முந்திச் சொல்லவேண்டும். அவ்விதம் எடுக்கப்பட்டவை எல்லாம் குப்பைக்குப் போவதில்லை: அமெரிக்க ஈமச்சடங்கு நிலையங்களிலிருந்து வந்த கருவிகளை மீண்டும் சுத்திகரித்து, மும்பை ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிகள் 53 பேருக்குப் பொருத்தி, 2011இல் அதன் பலனைப் பிரசுரித்தார்கள். அந்நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் நேரவில்லை.