பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போறீங்களா? காயும் வலை மேல வண்டி ஏத்தாதீங்க!

ஆரம்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பங்களில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய கரைப்பாதை நமக்கு பறவை பார்க்கும் இடம். மீனவர்களுக்கு அதுதான் வேலையிடம். வலை காய்வது, இறால் தரம் பிரிப்பது எல்லாம் அங்கேதான். தரையில் கிடக்கும் வலை பழசு மாதிரி தெரியலாம். பைக் ஏறி கண்ணி அறுந்தால் அன்றைய தொழில் போச்சு. வழி இல்லையா? வண்டியை நிறுத்திட்டு கரையில் இருப்பவர்களிடம் கேளுங்க. நீங்களே வலையை இழுத்துப் போடாதீங்க.

அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரை சீசன். அவை ஆழமில்லாத தண்ணீரில் இரை தேடுபவை. போட்டோவுக்காக கல் எறிந்து கிளப்பிவிடுவது, ஹார்ன் அடிப்பது வேண்டாம்.

படகு சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது அதன்பிறகுதான்.